லியு சிஷினின் மூன்று நாவல்களையும் நடுவில் விடாமல் படிப்பது எப்படி

‘த த்ரீ பாடி ப்ராப்ளம்’, ‘த டார்க் ஃபாரஸ்ட்’, ‘டெத்ஸ் எண்ட்’ என்ற மூன்று சீன அறிவியல் புனைகதைப் புத்தகங்களையும் என்னிடம் இரவல் வாங்கிப் போனவர்கள் இரண்டு வகை. முதல் பாகத்தில் பாதி தாண்டுவதற்குள், “பேரு ஒண்ணும் மனசுல நிக்கல சார், யாரு ஹீரோன்னும் தெரியல” என்று திருப்பிக் கொடுத்தவர்கள் ஒரு வகை. மூன்றையும் முடித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் போட்டு, “அந்தப் பொண்ணு ஏன் சார் அப்படிப் பண்ணுச்சு?” என்று சண்டைக்கு வந்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்கு ரசனை குறைவு என்று நான் நினைக்கவில்லை. எதை எதிர்பார்த்துத் திறக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குத்தான் இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாவல்களில் மனிதர்கள் மெலிசு, யோசனைகள் கனம். ஒரு பாத்திரத்தின் மேல் பாசம் வைத்து அவரோடு கடைசிவரை போகலாம் என்று உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். முதல் பாகத்தின் நாயகன் அடுத்த பாகத்தில் அநேகமாக வரவேமாட்டார். ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போகிறோம் என்று உட்கார்ந்தால் சுமார் 1500 பக்கம் ஓடிப்போகும். பிரபஞ்சத்தில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், நாம் வாயைத் திறக்கலாமா கூடாதா? அதுதான் கேள்வி.

எனக்கு இது பிடித்துப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கிறவன். லியு சிஷினும் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் நியாங்ஸிகுவான் என்ற இடத்து மின் நிலையத்தில் பல வருஷம் கணினிப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவன் யோசிக்கிற விதம் அவருடைய எழுத்தில் அப்படியே தெரிகிறது. எல்லாம் ஒழுங்காக ஓடும்போது அவருக்கு அக்கறை இல்லை. ஒன்று ட்ரிப் ஆனால், அதாவது தானாக நின்றுபோனால், அடுத்து எது ட்ரிப் ஆகும், அதற்கு அடுத்தது எது, கடைசியில் மொத்தமும் இருட்டாக எவ்வளவு நேரம் என்றுதான் பார்க்கிறார். அவருடைய கதைகளின் இருட்டு அங்கிருந்து வருகிறது. கெட்டவன் ஒருவன் வந்து எதையும் கெடுப்பதில்லை. எல்லாரும் அவரவர் நியாயப்படிதான் நடக்கிறார்கள், ஆனாலும் சரிகிறது.

எந்த வரிசையில், எந்தப் பதிப்பு

வரிசையை மாற்ற வேண்டாம். முதல் நாவல் 2006-ல் செங்டுவிலிருந்து வரும் ஓர் அறிவியல் புனைகதை இதழில் தொடராக வந்து, 2008-ல் புத்தகமானது. இரண்டாவதும் அதே வருஷம். மூன்றாவது 2010. ஆங்கிலத்தில் 2014, 2015, 2016 என்று வருஷத்துக்கு ஒன்றாக வந்தன. முதலாவதையும் மூன்றாவதையும் மொழிபெயர்த்தவர் கென் லியு, இரண்டாவதை ஜோயல் மார்ட்டின்சன். முதல் பாகத்துக்கு 2015-ல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று அந்த விருதை வாங்கியது அதுவே முதல் தடவை.

நான் படித்தது ஆங்கிலத்தில். அதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. கதை 1967-ல், மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியின் நடுவே தொடங்குகிறது. சீனப் புத்தகத்தில் அந்த அத்தியாயங்களை நடுப்பகுதிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள், அரசியல் காரணம்தான். கென் லியு அதை ஆசிரியர் முதலில் நினைத்த இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். அது எவ்வளவு முக்கியம் என்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும்.

படிக்க ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு வேலை. ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர்களை எழுதிப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும்; யே வென்ஜியே என்றால் யே குடும்பம். முதல் பாகத்துக்கு ஆறு பெயர் போதும். யே வென்ஜியே என்ற வானியற்பியல் பெண், அவருடைய மகள் யாங் டோங், நானோ பொருள் ஆய்வாளர் வாங் மியாவ், இயற்பியலாளர் டிங் யி, போலீஸ்காரர் ஷி ச்சியாங், பணக்காரர் மைக் எவன்ஸ். மற்றவர்களை மறந்தாலும் நஷ்டமில்லை. டிங் யி இரண்டாம் பாகத்திலும் வருவார், காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஷி ச்சியாங்கும் வருவார். சிகரெட்டும் கெட்ட வார்த்தையுமாகத் திரிகிற அந்த ஆள் ஒருவர்தான் மூன்று பாகத்தையும் சேர்த்துப் பார்த்தால் சதையும் ரத்தமுமாக நமக்குத் தெரிந்த மனிதர் மாதிரி இருப்பவர்.

முதல் பாகம்: மெதுவாகப் படிக்க வேண்டிய இரண்டு இடங்கள்

ஒன்று, அந்த முதல் காட்சி. பெய்ஜிங்கில் சிங்ஹுவா பல்கலைக்கழக விளையாட்டு மைதானம். இயற்பியல் பேராசிரியர் யே ஸெதாயை மேடையில் ஏற்றி விசாரிக்கிறார்கள். தலையில் இரும்புக் கம்பியில் செய்த கனமான கூம்புத் தொப்பி. கழுத்தில் தொங்குவது அட்டைப் பலகை இல்லை, ஆய்வகத்து அடுப்பிலிருந்து கழற்றிய இரும்புக் கதவு. அதில் அவர் பெயரை எழுதிக் குறுக்கே சிவப்பில் அடித்திருக்கிறார்கள். குற்றம் என்ன? பாடத்தில் சார்பியல் கோட்பாடு நடத்தியது. அவருக்கு எதிராகச் சாட்சி சொல்வது அவருடைய மனைவி. அந்த அம்மாளும் இயற்பியல் படித்தவர். பெல்ட்டால் அடித்தே கொல்வது நான்கு பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள். இதையெல்லாம் கூட்டத்தில் நின்று மகள் யே வென்ஜியே பார்க்கிறாள்.

இந்தப் பத்து இருபது பக்கத்தை ஓடி ஓடிப் படித்தீர்கள் என்றால் மூன்று நாவலும் வீண். ஏனென்றால் பிற்பாடு உள்மங்கோலியாவில் ஒரு மலை உச்சி ராணுவத் தளத்தில் இந்தப் பெண்ணின் விரலுக்கடியில் ஒரு பொத்தான் வருகிறது. 1971-ல் சூரியனையே ஒலிபெருக்கி மாதிரி பயன்படுத்தி விண்வெளிக்கு ஒரு செய்தி அனுப்புகிறாள். எட்டு வருஷம் கழித்துப் பதில் வருகிறது. அனுப்பியது அந்த உலகத்தைச் சேர்ந்த, போர் பிடிக்காத ஒரு காவல்காரன். பதில் அனுப்பாதே, அனுப்பினால் உங்கள் இடம் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்துவிடும், உங்கள் உலகம் பறிபோகும் என்று எச்சரிக்கிறான். அவள் பதில் அனுப்புகிறாள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசியுங்கள். அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் அழுத்துவீர்களா? “சேச்சே” என்று உடனே சொல்லத் தோன்றினால், விளையாட்டு மைதானத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு தடவை படியுங்கள். அப்பாவைக் கொன்ற அந்தப் பிள்ளைகளில் உயிரோடு மிச்சமிருக்கும் மூன்று பேரைப் பல வருஷம் கழித்து அதே மைதானத்துக்கு வரவழைத்து அவள் சந்திக்கிற அத்தியாயம் ஒன்றும் உண்டு. ஒரு மன்னிப்புக்காகக் காத்திருக்கிறாள். அவர்களோ தங்கள் இளமை எப்படி நாசமாய்ப் போனது என்று பேசிவிட்டுப் போகிறார்கள். லியு சிஷினுக்குப் பாத்திரம் படைக்கத் தெரியாது என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த அத்தியாயத்தைத்தான். தெரியும். மற்ற இடங்களில் அவருக்கு அதில் ஆர்வம் இல்லை.

இரண்டாவது இடம் கணினி விளையாட்டு. வாங் மியாவ் ஒரு மெய்நிகர் உலகத்துக்குள் நுழைகிறார். அங்கே சூரியன் எப்போது வரும், எப்போது எரிக்கும், எப்போது காணாமல் போகும் என்று யாருக்கும் தெரியாது. வெயில் தாங்காத காலத்தில் அங்குள்ளவர்கள் உடம்பிலிருக்கும் தண்ணீரை வடித்துவிட்டுத் தோல் மாதிரி சுருண்டு கிடப்பார்கள், நல்ல காலம் வந்தால் ஊறவைத்து எழுப்புவார்கள். படிக்கிறவர்கள் பெரும்பாலும் திணறுவது இங்கேதான். “கதை எங்கே போச்சு?” என்பார்கள். போகவில்லை, இதுதான் கதை. அந்த விளையாட்டு யாருடைய உலகம் என்று தெரியும்போது இந்த அத்தியாயங்களைத் தேடிப் பின்னால் புரட்டுவீர்கள்.

அதில் ஓர் அத்தியாயம் எனக்கு உயிர். நியூட்டனும் கணினி முன்னோடி வான் நாய்மனும் சேர்ந்து சின் பேரரசரிடம் போய் மூன்று கோடி படைவீரர்களைக் கேட்கிறார்கள், அவர்களை வைத்தே ஒரு கணினி செய்ய. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கறுப்புக் கொடி, ஒரு வெள்ளைக் கொடி. மூன்று பேர் சேர்ந்தால் ஒரு லாஜிக் கேட். முன்னால் நிற்கிற இரண்டு பேரும் கறுப்பைத் தூக்கினால் மட்டும் மூன்றாமவர் கறுப்பைத் தூக்க வேண்டும், மற்றபடி வெள்ளை. அது ‘அண்ட்’ கேட். இருவரில் ஒருவர் தூக்கினாலே போதும் என்றால் ‘ஆர்’ கேட். இதைப் படித்த அன்றே வீட்டில் மூன்று பிள்ளைகளை நிறுத்தி ஆளுக்கு இரண்டு கைக்குட்டை கொடுத்துச் செய்து பாருங்கள். பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பையன் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டு, “அப்ப கூட்டறதுக்கு எத்தனை பேர் வேணும் அங்கிள்?” என்று கேட்டான். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பாடத்தில் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தரவில்லை.

இயற்பியல் எவ்வளவு தெரிய வேண்டும்? கொஞ்சம் போதும். ஒன்றையொன்று ஈர்க்கும் இரண்டு கோள்கள் எங்கே போகும் என்று நியூட்டனின் சூத்திரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். மூன்றாவது ஒன்று சேர்ந்தால், எல்லாச் சூழலுக்கும் பொருந்துகிற ஒரே சூத்திரம் கிடையாது. தொடக்கத்தில் மயிரிழை மாறினாலும் முடிவு தலைகீழாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்கரே இதில் முட்டிக்கொண்டதிலிருந்துதான் இன்றைய ஒழுங்கின்மைக் கோட்பாட்டுக்கு வேர். மூன்று சூரியன் உள்ள உலகம் ஏன் நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு இவ்வளவு தெரிந்தால் போதும். நாவலில் அந்த உலகம் இருப்பது ஆல்ஃபா செண்டாரி நட்சத்திரத் தொகுதியில்; நிஜ ஆல்ஃபா செண்டாரி இவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. மூன்றாவதான ப்ராக்ஸிமா சின்னது, மற்ற இரண்டிலிருந்தும் ஒளியாண்டில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி நிற்கிறது. நாவலில் வருகிற ரகளை அங்கே நடக்காது. ஆசிரியருக்கு இது தெரியாமல் இருக்காது. கதைக்குத் தேவைப்பட்டது, நெருக்கி வைத்துக்கொண்டார்.

கடைசிப் பகுதியில் புரோட்டான் ஒன்றை விரித்து அதன் மேல் மின்சுற்று வரைந்து மறுபடி மடிக்கிற அத்தியாயம் வரும். புரியவில்லை என்றால் நிறுத்தாதீர்கள். அங்கே தெரிய வேண்டியது இவ்வளவுதான்: எதிரியிடம் சோஃபான் என்ற ஒற்றன் இருக்கிறது, அது பூமியில் எல்லாவற்றையும் பார்க்கும், கேட்கும், அடிப்படை இயற்பியல் ஆய்வுகளையும் கெடுக்கும். ஆனால் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டாம் பாகம் முழுவதும் இந்த ஒரு ஓட்டையில்தான் நிற்கிறது.

இரண்டாம் பாகம்: பென்சிலோடு உட்காருங்கள்

எனக்கு மூன்றில் சிறந்தது இதுதான், மோசமான நூறு பக்கம் இருப்பதும் இதில்தான். முதலில் அந்த மோசமானதைச் சொல்லிவிடுகிறேன். லுவோ ஜி என்ற சோம்பேறி சமூகவியலாளர் தன் கற்பனையில் ஒரு பெண்ணைப் படைத்து அவளைக் காதலிக்கிறார். பிறகு அதே மாதிரி ஒருத்தியைத் தேடிப் பிடித்துத் தரச் சொல்கிறார், அரசாங்கமும் தேடிக் கொண்டுவந்து தருகிறது. அந்தப் பெண்ணுக்கு வாயும் இல்லை, மனசும் இல்லை. பொதுவாகவே இந்த ஆசிரியருக்குப் பெண்களை எழுத வருவதில்லை, யே வென்ஜியே விதிவிலக்கு. அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டு போங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் முழுசாகத் தாண்டிவிடாதீர்கள், பின்னால் அவளை வைத்து ஒரு திருப்பம் இருக்கிறது.

சரி, நல்லதுக்கு வருவோம். எதிரியின் கப்பல் படை வந்து சேர 400 வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பூமி தயாராக வேண்டும், ஆனால் எதைப் பேசினாலும் எழுதினாலும் எதிரிக்குத் தெரிந்துவிடும். அதனால் ஐ.நா. நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, திட்டத்தை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. கேட்ட பணமும் ஆளும் கொடுக்கப்படும், ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கக் கூடாது. இவர்கள் சுவர்நோக்கிகள். ஒரு முன்னாள் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர், வெனிசுலாவின் அதிபர், ஒரு பிரிட்டிஷ் மூளை விஞ்ஞானி, அப்புறம் காரணமே சொல்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட லுவோ ஜி. எதிரிப் பக்கத்திலிருந்து லுவோ ஜி தவிர மற்ற மூவரின் மனசையும் உடைக்க ஒவ்வொரு ஆள் அமர்த்தப்படுகிறான். ஒவ்வொரு திட்டமும் அம்பலமாகும் இடம் வரும்போது, அந்தப் பக்கத்தைத் திருப்பும் முன் நீங்களே ஊகித்துப் பாருங்கள். நான் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

பென்சில் எதற்கு என்றால், தொடக்கத்திலேயே ஒரு கல்லறைக் காட்சி இருக்கிறது. ஓர் எறும்பு கல்லில் செதுக்கிய எழுத்துகளின் பள்ளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலே இரண்டு மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கிழவியான யே வென்ஜியேயும் லுவோ ஜியும். அண்டச் சமூகவியல் என்று ஒரு துறையை ஆரம்பிக்கச் சொல்லி அவர் இரண்டு அடிப்படை விதிகளைத் தருகிறார். நாகரிகம் ஒன்றுக்கு முதல் தேவை பிழைத்திருப்பது. நாகரிகங்கள் வளர்ந்துகொண்டும் பரவிக்கொண்டும் இருக்கும், பிரபஞ்சத்தில் உள்ள பொருளின் அளவோ மாறாது. கூடவே இரண்டு கருத்துகள்: ஒருவரை ஒருவர் சந்தேகிக்கும் சங்கிலி, தொழில்நுட்பத்தின் திடீர்ப் பாய்ச்சல். அவ்வளவுதான் தருகிறார்.

அந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதி, இதிலிருந்து என்ன வருகிறது என்று கணக்குப் போடுங்கள். ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம், ஒரு வாரமும் எடுத்துக்கொள்ளலாம். விடை நானூறு பக்கத்துக்கு மேல் தாண்டித்தான் வரும், அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. தானாகக் கண்டுபிடித்தவருக்கு வருகிற குளிர் நடுக்கம், படித்துத் தெரிந்துகொண்டவருக்கு வராது. இணையத்தில் இந்த நாவலைப் பற்றித் தேடாதீர்கள். முதல் வரியிலேயே விடையைப் போட்டு உடைத்துவிடுவார்கள்.

விடை கிடைத்த பிறகு இன்னொரு வேலை உண்டு, அதைப் பல பேர் செய்வதில்லை. அந்த விடையை உலக நியதி என்று எடுத்துக்கொண்டு ஆபீஸ் அரசியல் முதல் நாடுகளின் சண்டை வரை எல்லாவற்றுக்கும் பொருத்தித் திரிகிறார்கள். அது இரண்டு விதியிலிருந்து வந்த முடிவு. விதி சரியா என்று பார்க்க வேண்டாமா? வளர்ந்துகொண்டே இருக்கும் என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் மக்கள்தொகையே 2022-ல் குறைய ஆரம்பித்துவிட்டது. அதை வைத்து இரண்டாவது விதியே தப்பு என்று ஒரு நண்பர் வாதாடினார். நான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, எங்கள் தொழில் அப்படி. தலை எண்ணிக்கை குறைந்தாலும் சீனாவின் மின்தேவை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனாலும் கடைசிவரை ஏறிக்கொண்டே போகும் என்று எந்த லோடு கர்வும் (மின்தேவை வரைகோடும்) உறுதி தராது. இன்னொன்று, ஒரு வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்ததுமே அங்கே இருப்பவனை முடித்துவிட வேண்டும் என்று நினைப்பதற்குப் பயம் மட்டும் போதாது, முடிக்கிற செலவு அநேகமாக ஒன்றுமே இல்லாமலும் இருக்க வேண்டும். நாவலில் அப்படித்தான் வைத்திருக்கிறார். நிஜத்தில் அது அவ்வளவு மலிவாக இருக்குமா என்பது வேறு பேச்சு. சண்டை போட இதில் நிறைய இடம் இருக்கிறது. அதனால்தான் எனக்கு இந்த நாவல் பிடிக்கிறது.

நடுவில் ஜாங் பெய்ஹாய் என்ற கடற்படை அதிகாரி வருவார். அவர் வருகிற இடமெல்லாம் மெதுவாகப் படியுங்கள். ஐ.நா. தேர்ந்தெடுத்த நான்கு பேரில் இவர் இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் கண்ணாடித் துளி. எதிரி அனுப்பிய சிறிய ஆய்வுக்கலம் ஒன்று வந்து சேர்கிறது, நீர்த்துளி வடிவம். பூமியிடம் அப்போது சுமார் 2000 போர்க்கப்பல்கள், வரிசையாக அணிவகுத்து நிற்கின்றன. டிங் யி கிட்டப் போய் அதைத் தொட்டுப் பார்க்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் உருப்பெருக்கியால் பார்க்கிறார்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் வழவழப்பு குறையவில்லை. மனிதன் செய்த எந்தப் பரப்பையும் போதுமான அளவு பெரிதாக்கினால் மேடு பள்ளம் தெரியும். டர்பைன் பேரிங்கைப் பார்த்தவனுக்கு இது தெரியும். இதில் தெரியவில்லை. அழகாக இருக்கிறது, சமாதானத் தூது என்று மற்றவர்கள் கண்ணில் நீர் வர நிற்கும்போது டிங் யிக்கு மட்டும் அந்த வழவழப்பின் அர்த்தம் புரிகிறது. அடுத்த முப்பது நாற்பது பக்கத்தை ஒரே மூச்சில் படிக்க நேரம் ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள். பஸ்ஸில் படிக்க வேண்டாம், இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிடுவீர்கள்.

மூன்றாம் பாகம்: இருட்டு இங்கேதான்

இரண்டாம் பாகத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நிறுத்தலாம். இரண்டாம் பாகத்தின் முடிவு ஒரு முடிவு மாதிரியே இருக்கும், நிம்மதியாகத் தூங்கலாம். மூன்றாவது அந்த நிம்மதியைப் பிடுங்குவதற்கென்றே எழுதியது. வீட்டில் ஏதாவது துக்கம் நடந்திருக்கும் சமயத்தில் இதை எடுக்காதீர்கள், உண்மையாகவே சொல்கிறேன். இங்கே போவது ஒரு மனிதரின் உயிரோ ஓர் ஊரோ இல்லை.

முதல் பக்கங்களில் காலங்களின் அட்டவணை ஒன்று இருக்கும்: நெருக்கடிக் காலம், அச்சுறுத்தல் காலம், ஒலிபரப்புக் காலம், பதுங்குகுழிக் காலம் என்று. அதை ஒரு ஃபோட்டோ எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாயகி செங் ஷின் உறைதூக்கத்தில் படுத்து எழுந்திருக்கும்போதெல்லாம் உலகம் மாறியிருக்கும். நாம் எந்த நூற்றாண்டில் இருக்கிறோம் என்று பார்க்க அந்த அட்டவணை வேண்டும். 1453-ல் கான்ஸ்டாண்டிநோபிள் முற்றுகையோடு கதை திறக்கும், புத்தகம் மாறி வந்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். மூடிய பெட்டிக்குள் இருப்பதைத் திறக்காமலே எடுக்கிற ஒரு பெண் அங்கே வருகிறாள். அவளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

நடுவில் மூன்று தேவதைக் கதைகள் வரும். எதிரிகளின் நடுவே இருக்கும் யுன் தியான்மிங் என்ற மனிதன், ஒட்டுக்கேட்கிறவர்களுக்குப் புரியாதபடி பூமிக்கு ரகசியம் சொல்ல வேண்டும். அதனால் குழந்தைக் கதையாகச் சொல்கிறான். யாரை வரைகிறானோ அவர்கள் ஓவியத்துக்குள் போய்விடுகிற ஓர் ஓவியன், சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு குடை, வாயில் நுழையாத பெயருள்ள ஊரிலிருந்து வருகிற சோப்பு. “குழந்தைக் கதைதானே” என்று தாண்டுகிறவர்கள் உண்டு, தாண்டாதீர்கள். பூமியின் அறிஞர் குழு என்ன அர்த்தம் கண்டுபிடிக்கிறது என்று படிப்பதற்கு முன் உங்கள் அர்த்தத்தை எழுதி வையுங்கள். சோப்பு எதற்கு என்று கொஞ்சம் யோசித்தால் கிடைக்கும். ஓவியன் எதற்கு என்று கிடைக்காது. கிடைக்கும்போது புத்தகத்தின் கடைசிப் பகுதியில் இருப்பீர்கள், அப்போது எதுவும் செய்வதற்கில்லை.

இதற்கு மேல் மூன்றாம் பாகத்தின் நடுப்பகுதி தெரியவரும். வேண்டாதவர்கள் அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம்.

செங் ஷின்மேல் வாசகர்களுக்கு இருக்கிற கோபம் சாதாரணமானதில்லை. இரண்டு தடவை மனிதகுலத்தின் தலைவிதி அவள் கையில் வருகிறது. இரண்டு தடவையும் கொலைக்குக் காரணமாக இருக்க மாட்டேன் என்றுதான் அவள் தேர்ந்தெடுக்கிறாள், இரண்டு தடவையும் விளைவு பயங்கரம். எனக்கு வருகிற நள்ளிரவு ஃபோன்கள் எல்லாம் இவளைப் பற்றித்தான். நான் அவள் கட்சி. முதல் தடவை அவள் கைக்கு வந்தது, எதிரியை மிரட்டி அடக்கிவைக்கிற பொத்தானைக் காக்கும் பதவி. அந்தப் பதவிக்குத் தாமஸ் வேட் என்ற ஈவிரக்கமில்லாத ஆளும் ஆசைப்பட்டார். அரை நூற்றாண்டு சமாதானத்தில் பழகிப்போன மக்கள், மென்மையான ஒருத்திதான் வேண்டும் என்று அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அழுத்த மாட்டாள் என்று எதிரி கணக்குப் போட்டான். மக்களுக்கும் அது உள்ளூரத் தெரியும். அழுத்த மாட்டாதவளைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஏன் அழுத்தவில்லை என்று கேட்டால் எப்படி? இதே தொகுதியின் முதல் பாகத்தில் ஒருத்தி பொத்தானை அழுத்தினாள், அவளையும் திட்டினோம்.

அதன் பிறகு ஆஸ்திரேலியா வரும். உலகத்தின் மக்கள் எல்லாரையும் அந்த ஒரு கண்டத்துக்குள் தள்ளிவிடுகிறார்கள். பட்டினி. அந்த அத்தியாயங்களைப் பகலில் படியுங்கள். விண்வெளி யுத்தம், பரிமாணங்கள் எல்லாம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் படித்து முடித்ததும் விலகிவிடுகிறது. இது விலகுவதில்லை. காரணம், ஜனங்களைக் கூட்டம் கூட்டமாக ஒரே இடத்துக்குத் துரத்துவது எதிர்காலத்தில் நடக்க வேண்டிய விஷயமே இல்லை.

தொடர்கள், அப்புறம் நான்காவது புத்தகம்

சீனாவில் டென்சென்ட் நிறுவனம் 2023-ல் எடுத்த தொடர் 30 பகுதி, முதல் பாகத்தை மட்டும் நிதானமாக எடுத்திருக்கிறார்கள். முதல் பாகம் முடித்ததும் தாராளமாகப் பார்க்கலாம். நெட்ஃபிளிக்ஸ் 2024-ல் கொண்டுவந்தது 8 பகுதி. அதில் கதையைப் பெரும்பாலும் இங்கிலாந்துக்கு மாற்றி, மூன்று பாகத்தின் ஆட்களையும் ஒரே நண்பர் கூட்டமாக்கி, முதல் சுற்றிலேயே கலந்துவிட்டார்கள். எடுத்த விதத்தில் குறை இல்லை. பனாமா கால்வாய்க் காட்சி நாவலில் இருப்பதைவிட அதிகமாகவே உலுக்குகிறது. ஆனால் மூன்று பாகமும் முடித்த பிறகு பாருங்கள். இல்லாவிட்டால் யுன் தியான்மிங்கின் கதை உங்களுக்குப் பாதி முன்னாலேயே தெரிந்துபோயிருக்கும்.

நான்காவதாக ஒரு புத்தகம் கடையில் கண்ணில் படலாம். அது வாசகர் ஒருவர் எழுதி, லியு சிஷினின் அனுமதியோடு வெளிவந்தது. மூன்றாம் பாகம் வேண்டுமென்றே திறந்து விட்ட முடிச்சுகளை எல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்டியிருக்கிறார். வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு லியு சிஷினின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை வாங்குங்கள், மெலிசான மனிதர்கள் அங்கே அவ்வளவாக உறுத்துவதில்லை.